சேலத்துக்காரர் கடல் கயாக் குழுவை நடத்தக் கற்றுக்கொள்வது எப்படி?

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க நாலரை, ஐந்து மணி நேரமாவது ஆகும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) பற்றி எழுதுகிறேன் என்றால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். ஆனாலும் கயாக் வாங்கி வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆன்லைனில் ஒன்றை வாங்கி, காரின் மேல் கட்டி, ஏதாவது ஏரியில் இறக்கி, நாலு வீடியோ போட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும். "அண்ணா, எனக்கு நல்லா ஓட்ட வருதுங்க. ஆபீஸ்ல ஆறு பேரு வர்றேங்கறாங்க. ராமேஸ்வரம் பக்கம் கூட்டிட்டுப் போலாமுங்களா? சர்ட்டிபிகேட் எல்லாம் வேணுங்களா?"

வேணுமுங்க. ஏன் வேணும், எந்தச் சான்றிதழ், அதில் எவ்வளவு தூரம் சேலத்திலேயே முடியும், எதற்குக் கடலுக்குப் போயே தீர வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் போன வழி இது. சில இடங்களில் சுற்றிப் போய்விட்டேன். அதையும் சொல்கிறேன்.

நான் லீடரான லட்சணம்

அந்தப் பயணத்தில் நாங்கள் ஆறு பேர். வேன் பேசியது நான், பணம் வசூலித்தது நான். ஆகவே லீடரும் நான். ராமநாதபுரம் மாவட்டக் கரை ஒன்றில் கயாக் வாடகைக்கு எடுத்தோம். கொடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாருக்கும் நீச்சல் தெரியுமா?" தலையாட்டினோம். காலை ஏழு மணி. கடல் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி கிடந்தது. முதுகில் இதமான காற்று. துடுப்புப் போடாமலே கயாக் நகர்ந்தது. நான் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் ஒருவன் பின்தங்கினான், பிறகு கவிழ்ந்தான். அவனை ஏற்றிவிட நான் திரும்பினேன். அது எப்படி என்று எனக்கே சரியாகத் தெரியாததால் வெகுநேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது மற்ற நாலு பேரும் கொட்டை எழுத்து பொடி எழுத்தானது போல் ஆகியிருந்தார்கள். கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டால் கயாக் அசையவில்லை. வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகுக்காரர் ஒருவர்தான் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பொறுக்கி, கயாக்குகளைக் கயிற்றில் கோத்து இழுத்து வந்தார். கரையில் இறங்கியதும் அவர் திட்டவில்லை. "தம்பி, காத்து கரையில இருந்து அடிச்சா கரையோரத்துல கடலு தூங்குற மாதிரிதான் தெரியும். அலை எல்லாம் அங்கிட்டு இருக்கும்" என்று கையைத் தூரத்தில் காட்டினார்.

அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீரின் மேல் ஓட இடம் வேண்டும். கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த இடமே கிடைப்பதில்லை. உள்ளே போகப் போகத்தான் அது வேலையைக் காட்டும். கரையில் நின்று பார்க்கும் புதியவருக்கு இது கண்ணில் படாது. கயாக் ஓட்டும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறகுதான் லைம் விரிகுடா விபத்தைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் தென்கரை, 1993 மார்ச் 22. எட்டு பள்ளி மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள். லைம் ரெஜிஸ் ஊரிலிருந்து பக்கத்திலிருக்கும் சார்மௌத் வரைக்கும் கரையோரமாகவே போகும் சின்னப் பயணம். ஆசிரியர் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தார். ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் மாணவர்களை ஒன்றுசேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, கரைக்காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. கையில் அபாய வெளிச்சக் குச்சி இல்லை. கரையில் இருந்தவர்கள் தகவல் சொன்னதும் தாமதம். நாலு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தப் பயிற்றுநர்களிடம் இருந்தது ஆரம்பநிலைத் தகுதி மட்டுமே. கடலில் குழுவை நடத்துவதற்கான தகுதி இல்லை. பிள்ளைகளை அழைத்துப்போன சாகச மையத்தை நடத்திய கம்பெனியின் இயக்குநர் 1994-இல் சிறைக்குப் போனார். 1995-இல் பிள்ளைகளை வைத்து இப்படிப்பட்ட விளையாட்டு நடத்தும் மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டமே வந்தது.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கவிழ்கிறார், லீடர் அவரோடு மாட்டிக்கொள்கிறார், மற்றவர்களைக் காற்று கொண்டுபோகிறது. எங்களுக்கு நடந்ததும் அட்சரம் பிசகாமல் இதுதான். எங்களுக்கு ஒரு படகுக்காரர் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று விதக் காகிதங்கள்

சான்றிதழ் என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று வெவ்வேறு காகிதங்கள் புழங்குகின்றன. ஒன்று, கலந்துகொண்டதற்கானது. இரண்டு நாள் முகாமுக்குப் போனால் போட்டோவோடு தருவார்கள், சுவரில் மாட்டலாம். இரண்டாவது, உங்கள் சொந்தத் திறமைக்கானது: இந்த அளவு காற்றில், இந்த அளவு அலையில் இவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது. மூன்றாவதுதான் லீடர் சான்றிதழ். இவர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வார் என்று, முன்பின் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் கடலில் கூடவே வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பைக் நன்றாக ஓட்டுகிறவர் எல்லாம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிவிட முடியுமா? நமக்குத் தெரிந்த உதாரணம் இது.

இன்னொன்று, லீடர் சான்றிதழுக்கு எல்லை உண்டு. பிரிட்டனின் பேடில் யு.கே. அமைப்பு (முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்ற பெயரில் இருந்தது) தரும் கடல் கயாக் லீடர் தகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பியூஃபோர்ட் அளவில் (காற்றின் வேகத்தை எண்ணால் நிலைகளாகப் பிரிப்பது) 4-ஐத் தாண்டக் கூடாது. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது. ஒன்றிரண்டு கடல் மைலுக்கு ஒருமுறை கரையேற இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்தநிலைத் தகுதி. ஆகவே ஒருவர் "நான் சர்ட்டிஃபைடு" என்றால், "எதுவரைக்கும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை.

முதல் படி: உங்கள் உடம்பும் தண்ணீரும்

இது முழுக்க சேலத்திலேயே முடியும். நீச்சல் குளத்தில் சந்தா கட்டி, நிற்காமல் 200, 300 மீட்டர் பதற்றமில்லாமல் நீந்தப் பழகுங்கள். வேகம் முக்கியமில்லை. சட்டை, அரைக்கால் சட்டையோடு நீந்திப் பாருங்கள். முதல்முறை பலருக்கு மூச்சு முட்டும். பிறகு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் சும்மா மிதந்து பாருங்கள். குளத்துக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

மிதவைச் சட்டை 50 நியூட்டன் மிதவைத் திறன் உள்ளதாக இருக்க வேண்டும். அதாவது தண்ணீரில் உங்களை மேலே தூக்க ஏறக்குறைய ஐந்து கிலோ விசை. பட்டைகளை இறுக்கிக் கட்டியபின் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரைக்கும் ஏறினால் அது உங்கள் அளவில்லை.

கயாக்கில் பழக எங்கே போவது? கல் குவாரிக் குட்டைகளுக்கு மட்டும் போகாதீர்கள். இந்த மாவட்டத்தில் கைவிட்ட குவாரிகளுக்குக் குறைவில்லை. செங்குத்தான சுவரும் ஆழம் தெரியாத தண்ணீரும் உள்ள இடத்தில் கவிழ்ந்தால் ஏறிவர வழியிருக்காது. ஏற்காடு ஏரியில் படகுத்துறைக்காரர்கள் விடுகிற படகுதான், விடுகிற நேரம்தான். மேட்டூர் அணை என்றால் எல்லாருக்கும் ஆசை. 1934-இல் கட்டிமுடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், 120 அடி நிறைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அணைக்குப் பக்கத்தில் நெருங்கவே கூடாது. மற்ற இடங்களிலும் அனுமதி வாங்காமல் இறங்க வேண்டாம். பூலாம்பட்டியில் காவிரி அமைதியாகத்தான் தெரியும். அதற்குக் காரணம் கதவணை. கதவணையின் மேல்பக்கம் கயாக்கோடு திரிவது எமனோடு ஒளிந்து விளையாடுவது. அங்கே நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு விடுகிறவர்களிடம் முதலில் பேசுங்கள். நீர் எங்கே இழுக்கும், எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: கவிழ்ந்தவரை ஏற்றுவது

லீடர் வேலையில் கையால் செய்யும் பகுதி பெரும்பாலும் இதுதான். அசையாத தண்ணீரில் நூறு முறை செய்யுங்கள். நான் எண்ணிச் செய்தேன்.

கடல் கயாக்கில் கால் உள்ளே போகும் குழி உண்டு. இருக்கைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் உண்டு. கவிழ்ந்தவர் தண்ணீரில் தன் கயாக்கைப் பிடித்தபடி இருக்கிறார். முதல் வேலை அவரிடம் பேசுவது. "நல்லா இருக்கீங்களா? கயாக்கை விடாதீங்க. துடுப்பு கையில இருக்கா?" பதில் வருகிற விதத்திலேயே அவர் நிலைமை தெரிந்துவிடும். பிறகு அவருடைய கயாக்கின் மூக்கை உங்கள் கயாக்குக்குக் குறுக்காக, ஆங்கில 'டி' எழுத்து போலக் கொண்டுவாருங்கள். அவரை உங்கள் கயாக்கின் முனைக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கைத் தூக்கி உங்கள் மடிமேல் ஏற்றினால் குழிக்குள் இருக்கும் தண்ணீர் பின்பக்கமாகக் கொட்டிவிடும். தடுப்புச் சுவர் அங்கேதான் உதவுகிறது. உடனே நிமிர்த்தித் தண்ணீரில் விட்டு, இரண்டு கயாக்கையும் பக்கம் பக்கமாக, மூக்குக்கு வால் எதிராக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கூச்சப்படாமல் உங்கள் உடம்பு பாரம் முழுவதையும் அவர் கயாக்கின் மேல் சாய்த்து இறுக்கிக் கட்டிப்பிடியுங்கள். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். கைநுனியால் பிடிப்பார்கள், ஏறுகிறவர் மறுபடி விழுவார். அவர் காலை ஒவ்வொன்றாகக் குழிக்குள் விட்டுக் குப்புறப்படுத்து, மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் உடனே விட்டுவிடாதீர்கள். துடுப்பு கைக்கு வரட்டும், மூச்சு அடங்கட்டும்.

நம் கரைகளில் வாடகைக்குக் கிடைப்பதில் நிறைய மேலே உட்காரும் வகை. அதில் தண்ணீர் கொட்டும் வேலை கிடையாது. நிமிர்த்திவிட்டு வயிறு, இடுப்பு, கால் என்ற வரிசையில் ஏறிவிடலாம். சுலபம் என்று இதோடு நிறுத்திவிடாதீர்கள். லீடர் மதிப்பீட்டில் பெரும்பாலும் குழி உள்ள கயாக்கில்தான் சோதிப்பார்கள்.

இழுவைக் கயிறும் இந்தப் படியில்தான். இடுப்பில் கட்டும் பையில் கயிறு இருக்கும். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பட்டை கட்டாயம் வேண்டும். கழற்றத் தெரியாமல் கயிறு கட்டுவது கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

மூன்றாம் படி: முதலுதவி

சேலத்திலேயே பயிற்சி கிடைக்கும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்க வகுப்புகளை விசாரியுங்கள். நெஞ்சை அமுக்கும் பயிற்சியைப் பொம்மையில் கையை வைத்துச் செய்திருக்க வேண்டும். வீடியோ பார்த்தது கணக்கில்லை. பெரியவருக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. தண்ணீரில் மூழ்கியவருக்கு இதோடு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதும் சேர வேண்டும். அவருக்குப் பற்றாக்குறை காற்றுதான், ஆகவே மூச்சில்தான் தொடங்குவார்கள். நம் ஊரில் இன்னும் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டும் நேரத்தைத் தின்னும். வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போகவும் வழி செய்யும். கூட்டம் கூடிப் பத்துப் பேர் பத்து யோசனை சொல்லும்போது நீங்கள் உறுதியாக நிற்க, முறையாகக் கற்றிருப்பது ஒரு பலம்.

நம் கடலில் குளிரைவிட வெயில் பெரிய ஆபத்து. தலைவலி, எரிச்சல், துடுப்பு தடுமாறுவது எல்லாம் வெப்ப மயக்கத்தின் முன்வாசல். தின்பதற்குச் சேலத்திலிருந்து தட்டுவடை கட்டிக்கொண்டு போகாதீர்கள், உப்புத்தண்ணீர் பட்டதும் சொதசொதத்துவிடும். கடலை மிட்டாய் தாங்கும்.

நான்காம் படி: ஆட்களை நடத்துவதற்குச் சேர்வராயன் மலை

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொஞ்சம் பெருமை உண்டு. கடலில் குழு நடத்தும் பாடத்தில் பாதியை மலையில் படிக்கலாம்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும்போது பத்தடிக்கு முன்னால் இருப்பவர் தெரியமாட்டார். ஏழெட்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு காபித் தோட்டங்களுக்கு நடுவில் போகும் ஊர்ப்பாதைகளில் நடந்து பாருங்கள். முன்னால் ஒருவர் வேகமாகப் போவார். பின்னால் ஒருவர் போட்டோ எடுப்பார். நடுவில் இரண்டு பேர் சண்டை. நீங்கள் எங்கே நிற்பீர்கள்? எப்போது எண்ணுவீர்கள்? யாருக்கு முடியவில்லை என்பதை அவர் சொல்வதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கயாக் லீடர் பயிற்சியில் நாலு விஷயத்தை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிளாப்' (CLAP) என்று சொல்லித்தருவார்கள். தமிழில் நான் இப்படி வைத்துக்கொண்டேன்: சொல், பார், தவிர், நில். என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல். எல்லாரும் கண்பார்வையில் இருக்கும்படி பார். சிக்கல் வந்தபின் தீர்ப்பதைவிட வராமல் தவிர். எங்கே இருந்தால் அதிகம் உதவுமோ அங்கே நில். மலையில் இதில் தப்புச் செய்தால் பத்து நிமிஷம் தேட வேண்டியிருக்கும். கடலில் தேட நேரம் இருக்காது.

காட்டுக்குள் போகும் தடம் என்றால் வனத்துறை அனுமதியோடு மட்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருகிறார்கள். அவர்கள் பின்னால் ஒருமுறை நடந்து, குழுவை எப்படிக் கையாள்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

வரைபடமும் திசைகாட்டியும் பழகவும் மலைதான் நல்ல இடம். கஞ்சமலைப் பக்கம் மட்டும் திசைகாட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அது காந்த இரும்புத்தாது உள்ள மலை. கயாக்கிலும் இதே கதைதான். முன்பக்கம் பொருத்திய திசைகாட்டிக்கு நேர் கீழே இரும்புச் சாமானை அடைத்துவிட்டு, திசை தப்புகிறதே என்று குழம்பியவர்கள் உண்டு.

ஐந்தாம் படி: இனி கடல்தான்

இதுவரை சொன்னதை எல்லாம் சேலத்திலேயே முடித்துவிடலாம். அலை உடையும் கரையில் இறங்குவது, ஏறுவது, காற்று, நீரோட்டம் இந்த மூன்றும் மேட்டூரில் வராது. மாதம் ஒரு வாரக்கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை ஆபீஸில் காதுக்குள் மணலோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

போகும்போது உங்களைவிட அனுபவம் உள்ளவரோடு, குழுவில் ஓர் ஆளாகப் போங்கள். கரையில் அரை மணி நேரம் மீனவர்களோடு உட்காருங்கள். அவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. கரையின் வாட்டத்தை வைத்து இதில் எது உங்களைக் கடலுக்குள் தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பழகுங்கள். நம் கிழக்குக் கரையில் பொதுவாகக் காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், வெயில் ஏறியதும் கடல்காற்று கரைக்குத் திரும்பும். அந்தத் தரைக்காற்றைத்தான் நான் என் திறமை என்று நினைத்தேன்.

எண்ணிலும் ஒரு பிடிமானம் வேண்டும். கயாக்கில் சாதாரணமாகப் போகும் வேகம் மூன்று நாட், மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். பியூஃபோர்ட் 4 என்பது 11 முதல் 16 நாட், அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் காற்று. கடலில் வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி தெரியும். அதை எதிர்த்துப் புதியவரால் நகரவே முடியாது. அவர் துடுப்புப் போடுவதை நிறுத்திய கணத்திலிருந்து பின்னால் போய்க்கொண்டிருப்பார்.

பிரிட்டிஷ் பாடங்களில் ஏற்றவற்றத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். அங்கே பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் கடல்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நம் கரையில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். அதனால் கணக்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாம்பன் போன்ற குறுகிய வாய்களில் நீரோட்டம் இழுக்கத்தான் செய்யும், அமாவாசை பௌர்ணமியில் இன்னும் கூடுதலாக. ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அலை உடையும் கரைக்கும் காற்றுக்கும் கொடுங்கள் என்பது என் கருத்து. வெளிநாட்டுச் சான்றிதழோடு வந்த ஒருவர், நம் கரையின் அலையில் முதல் நாளே மூக்கில் மண்ணோடு எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் பயணக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தேதி, இடம், தூரம், காற்று என்ன என்று சொன்னார்கள், உண்மையில் என்ன வீசியது, எத்தனை பேர், நான் லீடரா கூட்டத்தில் ஒருவனா, எது தப்பானது. மதிப்பீட்டுக்குப் போகும்போது முதலில் கேட்பது இதைத்தான். கடைசிப் பத்தியில் எப்போதும் "எல்லாம் நன்றாக முடிந்தது" என்றே எழுதியிருந்தால் நம்பமாட்டார்கள்.

ஆறாம் படி: யாரிடம் கற்பது

உலகளவில் கடல் கயாக்குக்குப் பரவலாக ஏற்கப்படுவது இரண்டு: மேலே சொன்ன பேடில் யு.கே., இன்னொன்று 1880-இல் தொடங்கிய அமெரிக்கன் கனூ அசோசியேஷன். அமெரிக்க முறை ஒன்று முதல் ஐந்து வரை நிலைகளாகப் போகும். இந்திய அரசின் பக்கம் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வருவது. உயிர்காப்பு, படகு ஓட்டுவது போன்ற பயிற்சிகளுக்கு அங்கே போகலாம். உயிர்காப்புச் சான்றிதழ் வேறு, கடல் கயாக் லீடர் சான்றிதழ் வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதுக்குக் கை கொடுக்கும், ஈடாகாது.

பணம் கட்டும் முன் போனில் கேட்க வேண்டியவை: பயிற்சி தருபவரின் உறுப்பினர் எண் என்ன? அந்த அமைப்பிடம் நான் சரிபார்க்கலாமா? கடலில் எத்தனை நாள், உப்பங்கழியில் எத்தனை நாள்? மதிப்பீடு தனியாக நடக்குமா, பயிற்சியின் கடைசி மாலையே எல்லாருக்கும் காகிதம் கொடுத்துவிடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு "எல்லாருக்கும் கிடைக்கும் சார், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

செலவு குறைவில்லை. பயிற்சி, மதிப்பீடு, தங்குவது, லீவு எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் பைக் விலை வந்துவிடும். ஆகவே அவசரப்படாதீர்கள். முதல் நாலு படிகளைச் சேலத்தில் மலிவாக முடித்துவிட்டுப் போனால், அங்கே கட்டும் பணம் கடலுக்கு மட்டும் செலவாகும்.

ஏழாம் படி: மதிப்பீட்டு நாள்

நான் முதல்முறை தேறவில்லை. மீட்பதில் சுத்தம், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், ஏற்றிவிட்டேன். மதிப்பீட்டாளர் கரையில் கேட்டது இது: "நீங்க அவரை ஏத்திக்கிட்டிருந்தப்ப மத்த நாலு பேரும் எங்க இருந்தாங்க?" திரும்பிப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அதே பழைய தப்பு. நூறு முறை பயிற்சி செய்தும் கையை மட்டும்தான் பழக்கியிருக்கிறேன்.

இரண்டாம் முறை போவதற்குள் ஒரே ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டேன். கவிழ்ந்தவரிடம் போகும் முன் மற்றவர்களுக்கு ஒரு வாக்கியம்: "ரெண்டு ரெண்டு பேரா கயாக்கைச் சேர்த்துப் பிடிச்சுக்குங்க, முகம் என் பக்கம், நகரக்கூடாது." காற்று தள்ளும் என்றால் இன்னொரு அனுபவசாலியிடம் அவர்களை ஒப்படைத்துக் கரைப்பக்கம் மெல்ல நகரச் சொல்ல வேண்டும். முன்னுரிமை வரிசையும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள்: முதலில் நீங்கள், அடுத்து குழு, பிறகு கவிழ்ந்தவர், கடைசியில் பொருள். கேட்கக் கல்நெஞ்சு போலத் தோன்றும். கவிழ்ந்தவர் மிதவைச் சட்டையோடு கயாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முப்பது வினாடி தாங்குவார்.

இப்படி ஒருவர் கூடவே வந்து, நான் பார்க்காததைப் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால், நான் இன்னும் வேகமாக மீட்கப் பழகிக்கொண்டே இருந்திருப்பேன். நான் கட்டிய பணம் அந்தக் கேள்விக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மதிப்பீட்டில் இன்னொன்றையும் பார்ப்பார்கள்: இன்றைக்குப் போக வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வருகிறதா? இரவெல்லாம் பயணம் செய்து வந்த எட்டுப் பேர் கரையில் நிற்கும்போது அதைச் சொல்வது லேசில்லை. காரணத்தை அளவோடு சொல்லக் கற்றுக்கொண்டால் கொஞ்சம் லேசாகும். "எனக்கு என்னமோ சரியாப் படலை" என்றால் பேரம் பேசுவார்கள். "பத்து மணிக்கு 18 நாட் காற்று, என் எல்லை 16" என்றால் பேசாமல் இட்லி சாப்பிடப் போவார்கள்.

எட்டாம் படி: முதல் குழுவுக்கு முன்

முதலில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அதிலும் ஒருவர் உங்களை ஏற்றிவிடத் தெரிந்தவராக இருக்கட்டும். நீங்களும் கவிழ்வீர்கள்.

எங்கே போகலாம் என்பதில் கவனம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவில் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் சர்வதேச எல்லை கிட்டே. கடற்படை, கடலோரக் காவல் படை கண்காணிப்பில் உள்ள இடம். எந்தக் கரையில் இறங்கினாலும் உள்ளூர்க் கடலோரக் காவல் நிலையத்தில் பேர், கயாக் நிறம், போகும் வழி, திரும்பும் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் கயாக்குக்கும் பகுதி உண்டு. பணம் வாங்கி ஆட்களை அழைத்துப் போவதாக இருந்தால் அதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காரரிடம் "கடல் கயாக்" என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வாயால் "எல்லாம் கவராகும் சார்" என்பது கணக்கில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் லீடர்கள் சாட்டிலைட் தகவல் கருவியை மாட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் புகாத உறையில் இரண்டு போன், வெவ்வேறு நெட்வொர்க். விசில், கண்ணாடி, அபாய வெளிச்சம். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்த இரண்டு எண்ணையும் போனில் மட்டுமல்ல, மிதவைச் சட்டையின் உள்பக்கமும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, கரையில் ஓர் ஆள். அந்த ஆள் கடற்கரையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நேரம் தவறாதவராக இருந்தால் போதும். எனக்கு அது என் மனைவி. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: எந்தக் கரை, எத்தனை பேர், என்ன நிறக் கயாக், எத்தனை மணிக்குள் போன் வர வேண்டும், வராவிட்டால் எந்த எண். போன தை மாதம் பதினொரு மணிக்குப் பேச வேண்டியவன், கயாக்கைக் கழுவிக்கொண்டிருந்ததில் 11.10-க்குத்தான் கூப்பிட்டேன். "1554 போட்டு வச்சிருக்கேன், பச்சையை அமுக்கறதுதான் பாக்கி. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அமுக்கிருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு முதலில் போன், அப்புறம்தான் கயாக் கழுவுவது.